ரிலீவர் இல்லாத கேட்

ஸ்வாதி அப்பாவின் நெற்றியில் திருநீற்றைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். இரண்டு விரல் வைத்ததுமே ஈரத்தில் கரைந்து கன்னத்தில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி பூசினாள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"ஏட்டி, முப்பிடாதி வந்துட்டானா?"

"இல்லம்மா."

"அவன் வராம எடுக்கக் கூடாது. கோடி விழாம இவுகள வாசல் தாண்ட விடமாட்டேன்."

புருஷன் செத்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரவேண்டும். கூடப்பிறந்தவன் கையால் அது அவள் தோளில் விழவேண்டும். அம்மா இராமலட்சுமிக்குக் கூடப்பிறந்தவன் ஒரே ஒருத்தன். அந்த ஒருத்தனின் பெயரைக் கேட்டதும் பந்தலில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பந்தலில் பாதிப்பேர் கேட் கீப்பர்கள். கேட் கீப்பர்களாக இருந்தவர்கள் என்று சொல்லவேண்டும். பட்டாளத்திலிருந்து திரும்பி, ஒப்பந்தக் கம்பெனி மூலமாக ரயில்வே கேட்டுகளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரு கேட்டுக்கு இத்தனை பேர் எதற்கு என்று புதிதாக வந்த கம்பெனி கணக்குப் போட்டது. ஒருத்தர் லீவு போட்டால் வந்து நிற்கிற ரிலீவர்களை முதலில் வீட்டுக்கு அனுப்பியது. மற்றவர்கள் அவர்களுக்காக வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். கம்பெனிக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று, வெளியே வந்தவர்களையும் சேர்த்துத் தலைமுழுகிவிட்டது. வெளியே முதலில் வந்தவர் மணிமுத்து, ஸ்வாதியின் அப்பா.

தென்காசியில் கம்பெனி ஆபீஸுக்கு எதிரே தார்ப்பாய் கட்டி உட்கார்ந்தார்கள். குற்றாலத்துக்கு அருவி பார்க்கப் போகிறவர்கள் காரை மெதுவாக்கி, இவர்களையும் பார்த்துவிட்டுப் போனார்கள். சீசன் சாரல் தார்ப்பாயை மதிக்கவில்லை. அப்பாவுக்குச் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. பெரியாஸ்பத்திரியில் நாலு நாள் மூச்சு இழுத்தார், நேற்று மத்தியானத்தோடு அதுவும் நின்றுவிட்டது.

அந்தத் தார்ப்பாய்க்குள் தொண்டை கிழியக் கோஷம் போட்டவன் முப்பிடாதி. ஒருநாள் காலையில் ஆளைக் காணவில்லை. சாயங்காலம் பார்த்தால் இலஞ்சி கேட்டில், மணிமுத்து வேலை பார்த்த அதே கேட்டில், கம்பெனியின் ஆரஞ்சு மேல்சட்டையோடு நிற்கிறான். அன்றிலிருந்து அப்பா பால் வாங்கக்கூட அந்தக் கேட் பக்கம் போகாமல் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போனார்.

எபனேசர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். போராட்டத்தில் அப்பாவுக்கு வலதுகை அவர்தான்.

"மயினி, நேரமாவுது. அவன் இந்தப் பந்தல்ல கால் வச்சா எங்காளுக யாரும் தூக்க மாட்டாங்க. அண்ணாச்சிக்குச் செய்யுத மரியாதை அதுதான்."

"தூக்காட்டா போங்க" என்றாள் அம்மா. "உங்களுக்கு அவன் கருங்காலி. எனக்குத் தம்பி."

எபனேசர் ஸ்வாதியைப் பார்த்தார். ஸ்வாதியும் அவர் கட்சிதான். மாமா வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை. ஆனால் அம்மாவின் வெறுந்தோளைப் பார்த்தாள். எழுந்து வண்டிச்சாவியை எடுத்துக்கொண்டாள்.

தெரு முடிந்து தென்னந்தோப்பைத் தாண்டினால் கேட். அதற்கு அந்தப்பக்கம் சுடுகாடு. எபனேசரும் பின்னாலேயே பைக்கில் வந்தார், அவள் ஏதாவது ஏடாகூடமாகப் பேசிவிடுவாளோ என்ற பயத்தில்.

முப்பிடாதி கேட் அறை வாசலிலேயே நின்றிருந்தான். சவரம் செய்யாத முகம். அறைக்குள் ஸ்டூலின் மேல் ஜவுளிக்கடைப் பை இருந்தது.

"விடியக்காலம் டூட்டிக்கு வாரப்பவே கடையத் தட்டி எழுப்பி எடுத்துட்டேன்ட்டி" என்றான். "அத்தானப் பாக்க வரணும்னுதான் நிக்கேன். மாத்திவிட ஆள் வரல."

"நேத்தே சொல்ல வேண்டியதுதான மாமா?"

"சொன்னேன். ரிலீவர் கெடையாது, கேட்ட விட்டுட்டுப் போனா திரும்ப வராதன்னு சொல்லுதான் அந்த மேனேஜர். என்ன செய்யச் சொல்லுத? கேட்ட அனாதையா விட்டுட்டு வரமுடியுமா? ரயில் வருமே."

ஸ்வாதிக்குச் சிரிப்பு வந்தது. செத்த வீட்டுக்காரி சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அப்பா அதத்தான கேட்டாங்க. கேட்டுக்கு ரிலீவர் வேணும்னுதான மழையில கெடந்தாங்க. நீங்களும்தான பக்கத்துல கெடந்திய."

 தண்டவாளத்தில் ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. முப்பிடாதி அதை 'ஹேய்' என்று விரட்டினான்.

எபனேசர் பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்தார். அவன் முகத்தைப் பார்க்காமல், அறைச்சுவரில் மாட்டியிருந்த கொடிகளைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அந்தச் சட்டையக் கழத்திக் குடு. நீ வார வரைக்கும் நான் நிக்கேன்."

"அண்ணாச்சி..."

"உனக்காவச் சொல்லல. அங்க ஒரு பொம்பள கோடிக்காவ உக்காந்திருக்கா. வேலைய விட்டுத் தொரத்துன கம்பெனிக்கு ஓசியில டூட்டி பாக்கணும்னு எந்தலையில எழுதியிருக்கு, பாத்துட்டுப் போறேன். குடுலே."

முப்பிடாதியின் கை சட்டைப் பொத்தானுக்குப் போயிற்று. ஒரு பொத்தானைக் கழற்றியும் விட்டான். பிறகு அவன் கண் மேலே போனது. அறைக் கூரையின் மூலையில் புதிதாக ஒரு கேமரா.

"அதுல தெரிஞ்சிரும் அண்ணாச்சி" என்றான். கழற்றிய பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டான்.

எபனேசர் காறித் துப்பிவிட்டு பைக்கை உதைத்தார். ஸ்வாதி கையை நீட்டினாள்.

"சேலையையாவது குடுங்க. நான் கொண்டுபோறேன்."

"பொறந்தவன் கையால போடணும்ட்டி. நீ கொண்டுபோனா அது கடைத்துணி."

அவளுக்கு அந்த ஆளை அறையவேண்டும் போலிருந்தது. அந்த ஆள் ஜவுளிப்பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டதையும் பார்த்தாள். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வண்டியைத் திருப்பினாள்.

அம்மா முழுவதையும் கேட்டாள். அழவில்லை. முழங்காலில் கையூன்றி எழுந்தாள்.

"எடுங்க" என்றாள். "அவன் வரமுடியாதுன்னா நான் அங்கன போய் வாங்கிக்கிடுதேன்."

பொம்பளைகள் தெருமுக்கோடு நின்றுவிடுவதுதான் வழக்கம் என்று யாரோ சொன்னார்கள். அம்மா காதில் வாங்கவில்லை. பாடைக்குப் பின்னால், ஸ்வாதியின் கையைப் பிடித்துக்கொண்டு, நனைந்த சாலையில் நடந்தாள். கோடி விழாமல் வாசல் தாண்டிய பிணம் என்று உறவுக்காரிகள் முணுமுணுத்தார்கள். சங்குச் சத்தத்தில் அது அமுங்கிப்போனது.

தோப்பைத் தாண்டும்போதே ஸ்வாதி பார்த்துவிட்டாள். கேட் இறங்கிக்கொண்டிருந்தது. முப்பிடாதி வருகிறவர்களைப் பார்த்தபடியே கேட்டின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை.

"ஏலே, பொணத்துக்காவது வழிவிடுலே!" என்று ஒருத்தன் கத்தினான்.

"கேட் மூடியாச்சுன்னு ஸ்டேஷனுக்கு நம்பர் குடுத்தாச்சு" என்றார் எபனேசர், பாடைக்குத் தோள் கொடுத்தபடி. "இனிமத் தொறக்க மாட்டான். தொறக்கவும் கூடாது."

பாடையை இறக்கக் கூடாதென்பதால் தோள் மாற்றி நின்றார்கள். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேட் கம்பி வரைக்கும் போனாள். கம்பிக்கு மேலாகக் கையை நீட்டினாள்.

"முப்பிடாதி."

"வண்டி போவட்டும்க்கா." பச்சைக்கொடியைப் பிடித்துக்கொண்டு, ரயில் வருகிற திசையைப் பார்த்து நின்றான் அவன். இடது கக்கத்தில் ஜவுளிப்பை.

செங்கோட்டை வண்டி வந்தது. ஜன்னல்களில் இருந்தவர்கள் பாடையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாடையைச் சுமந்து நின்றவர்கள் அவர்களைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் சக்கரங்களில் இருந்தது. பொறி பறக்கிறதா, எதுவும் தொங்குகிறதா என்று பெட்டி பெட்டியாகப் பார்த்து, கடைசிப் பெட்டி தாண்டியதும் ஒன்றாகத் தலையை ஆட்டினார்கள். யார் சம்பளம் கொடுக்கிறார்கள் இவர்களுக்கு என்று நினைத்ததும் ஸ்வாதிக்கு அதுவரை வராத அழுகை வந்தது.

கேட் ஏறியது. பாடை முப்பிடாதியைத் தாண்டிப் போனது. யாரும் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் எட்டி அப்பாவின் காலைத் தொடப்பார்த்தான். அதற்குள் தூக்கியவர்கள் நடையை எட்டிப் போட்டுவிட்டார்கள்.

பெண்கள் இந்தப்பக்கமே நின்றார்கள். அவன் பையைக் கிழித்துச் சேலையை உதறிக்கொண்டு வந்தான்.

"அக்கா, எனக்கு வேற வழி தெரியலக்கா."

"போடு" என்றாள் அம்மா.

சேலையின் ஒரு தலைப்பை அவள் வலது தோளில் வைத்தான். மறுதலைப்பைச் சுற்றிக் கொண்டுவரும்போது அறைக்குள் போன் அடித்தது. அவன் கை நின்றது. போன் விடாமல் அடித்தது. அம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் துணியை விட்டுவிட்டு ஓடினான்.

தலைப்பு சாலைச் சேற்றில் விழுந்து கிடந்தது. அறைக்குள் அவன் யாருக்கோ "சார், சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஸ்வாதி குனிந்து அதை எடுத்தாள். சேற்றைப் பிழிந்துவிட்டு, அம்மாவின் இடது தோளில் போட்டாள்.