நான்கு தோள்களில் ஈயம்

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை புதுப் பள்ளிவாசலின் குவிமாடத்துக்குக் கீழேதான் நடக்க வேண்டும் என்று இல்யாஸ் பாஷா சொல்லியனுப்பிவிட்டார். அக்கரையில் உஸ்குதார் மேட்டில் படைக் கூடாரங்கள் அடித்தாகிவிட்டது. கிழக்கே போருக்குப் போகிறவர், திரும்பி வருவாரோ மாட்டாரோ, தன் பெயரில் எழும்பிய மாடத்தைக் கண்ணாரப் பார்த்துவிட்டுக் கிளம்ப ஆசைப்பட்டார். ஆனால் அந்த வருஷம் மழை விட்டபாடில்லை. மாடத்துச் செங்கல்களுக்கு நடுவே பூசிய காரை இன்னும் ஈரமாகவே கிடந்தது.

பள்ளிவாசலைக் கட்டியவன் கெய்வான். அரண்மனைத் தலைமைச் சிற்பியின் கீழ் பல வருஷம் வேலை பார்த்தவன். இதுதான் அவன் தனியாக வரைந்து எழுப்பிய முதல் கட்டடம். இஸ்தான்புல்லில் பெரிய மாடம் எதுவானாலும், வளைவுகள் வந்து இறங்கும் நான்கு பெருந்தூண்களின் தலையில் கனத்த கல் கோபுரங்கள் உட்கார்ந்திருக்கும். கெய்வானுக்கு அவை பிடிக்கவில்லை. மாடம் தானாக மிதப்பதுபோல் இருக்க வேண்டும் என்று அவற்றை விட்டுவிட்டான். சுவர்களிலும் ஜன்னலுக்கு மேல் ஜன்னலாகத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விட்டான். தலைமைச் சிற்பி படத்தை வெகுநேரம் பார்த்தார். உன் பொறுப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, எதிர்னே நகரில் இருந்த வேலைக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை காலையில் பாஷாவின் காரியக்காரர் ஃபெர்ஹாத் ஆகா வந்து நின்றார். மாடத்தைத் தாங்கி நின்ற மரக்கூட்டை அன்றைக்கே இறக்கியாக வேண்டும் என்றார். வசந்தம் வரைக்கும் பொறுக்கச் சொல்லிக் கெய்வான் கெஞ்சிப் பார்த்தான்.

"பாஷா என்ன, கட்டைக்கு நடுவுல குனிஞ்சு குனிஞ்சு தொழணுமா? உன்னால முடியலைன்னா சொல்லு. முடியிற ஆள் ஊர்ல நெறைய இருக்கான்."

வேறொருவன் வந்தால் மரக்கூட்டைத் தாங்கும் முட்டுகளை ஒரேயடியாகத் தட்டிவிடுவான் என்பது கெய்வானுக்குத் தெரியும். அதனால் சரி என்றான். தான் போட்ட கணக்கின்மேல் அவனுக்கு நம்பிக்கையும் இருந்தது.

தச்சர்களுக்குத் தலைவன் ஸ்டமாத்தி. சமாத்யாவைச் சேர்ந்த கிரேக்கன்; கெய்வானோடு பாலம், குளிப்பிடம், சத்திரம் என்று பல வேலைகளில் சேர்ந்து நின்றவன். செய்தியைக் கேட்டதும் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இந்தக் காரையை நம்பியா மரத்தை எறக்கச் சொல்ற? என் பொண்டாட்டி பெசஞ்சு வெச்ச மாவே இதவிட கெட்டியா இருக்கும்யா."

சொன்னானே தவிர, ஆட்களைக் கூப்பிட்டு முட்டுக்கு ஒருவராக நிறுத்தினான்.

கெய்வான் சாரத்தில் ஏறி, வளைவுகள் தூண்தலையைத் தொடும் இடங்களில் எல்லாம் ஜிப்சச் சாந்தை மெல்லிய பட்டையாகப் பூசினான். கல் மயிரிழை நகர்ந்தாலும் அந்தப் பட்டை வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். அது காய்ந்ததும் வடகிழக்கு மூலையில் நின்றுகொண்டு கையசைத்தான். ஸ்டமாத்தி கீழே இருந்து குரல் கொடுக்க, எல்லா முட்டுகளின் அடியிலும் செருகியிருந்த ஆப்புகளை, கொஞ்சம் தளரும்படி, ஒரே நேரத்தில் ஒரு தட்டுத் தட்டினார்கள். பிறகு கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. மறுபடி ஒரு தட்டு.

பாரம் இறங்க இறங்க மரம் முனகியது. மதியம் தாண்டியபோது செங்கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே நகக்கண் அளவு வெளிச்சம் தெரிந்தது. மாடம் தன் காலில் நின்றுவிட்டது. கீழே யாரோ அல்லாவுக்கு நன்றி சொன்னார்கள். ஃபெர்ஹாத் ஆகா தாடியைத் தடவிக்கொண்டார்.

அப்போது கெய்வானின் காதருகே சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. பட்டை நெடுக்கக் கீறியிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துப் பட்டையும் வெடித்தது. கீறலுக்குள் கத்தி முனையை நுழைத்தான். தடையில்லாமல் உள்ளே போனது. தூண்தலை வெளிப்பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

"ஸ்டமாத்தி, ஆப்பைத் திரும்ப ஏத்து. எல்லாத்தையும்."

மற்ற மூலைகளில் ஆப்புகள் ஏறிவிட்டன. வடகிழக்கு முட்டு மட்டும் இடம் பெயர்ந்திருந்ததால், அங்கே ஆப்பு பிடிக்காமல் வழுக்கியது. ஸ்டமாத்தி ஓடிவந்து அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அடிக்கச் சொன்னான். சம்மட்டிக்காரன் தயங்கினான். அடிடா என்றான் ஸ்டமாத்தி. அடி விழுந்து ஆப்பு ஏறியபோது முட்டு துள்ளி உட்கார்ந்தது; அவன் விரல்கள் இரண்டு அதற்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிப்போயின. அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மரம் பாரத்தை வாங்கிக்கொண்ட பிறகும் கீறல் மெல்ல விரிந்துகொண்டுதான் இருந்தது. வளைவு தூணை வெளியே தள்ளுகிறது, கீழேயிருந்து எத்தனை முட்டுக் கொடுத்தாலும் அந்தத் தள்ளல் நிற்காது என்பது கெய்வானுக்கு அப்போதுதான் உறைத்தது. தூண் சாயாமல் நிற்க அதன் தலையில் மேலிருந்து அழுத்தும் பாரம் வேண்டும். தான் வேண்டாம் என்று ஒதுக்கிய அந்தக் கோபுரங்கள் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று அவனுக்குப் புரிந்தது.

முற்றத்தில் மாடத்தின்மேல் வேய்வதற்காக ஈயத் தகடுகள் சுருள் சுருளாகக் கிடந்தன. அத்தனையையும் நான்கு தூண்களின் தோளிலும் ஏற்றச் சொன்னான். அது பாஷாவின் ஈயம், ஒரு சுருளை அசைக்கக்கூடாது என்று ஃபெர்ஹாத் ஆகா வழிமறித்தார். ஆட்கள் தயங்கினார்கள். கெய்வான் அவரை விலக்கிக்கொண்டு நடந்தான். நேரே போய் ராட்டினத்துக் கயிற்றைத் தன் தோளில் போட்டு இழுத்தான். ஒரு அர்மீனியக் கொத்தன் வந்து பின்னால் பிடித்தான். பிறகு எல்லோரும் வந்தார்கள். பொழுது சாயும்போது கடைசிச் சுருளும் ஏறிவிட்டது. கெய்வான் கீறலின்மேல் புதுப் பட்டை பூசி, அதன் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டான். பட்டை காய்ந்து வெளுத்தது. வெடிக்கவில்லை.

மறுநாள் பாஷா வந்தார். தோள்களில் கிடந்த ஈயத்தையும் உள்ளே நின்ற மரக்கூட்டையும் பார்த்து முகம் கறுத்தார். ஃபெர்ஹாத் ஆகா முந்திக்கொண்டார். கிரேக்கத் தச்சன் ஆப்பைத் தாறுமாறாக உருவியதால் வந்த வினை என்றும், அவனைப் பிடித்துவர ஆள் அனுப்பியாயிற்று என்றும் சொன்னார்.

பாஷா கெய்வான் பக்கம் திரும்பினார். ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை, தலையைக் குனிந்துகொண்டாலே போதும். பழி தச்சன்மேல் போய்விடும். உண்மையைச் சொன்னால் இந்த ஊரில் இனி ஒரு செங்கல்கூட வைக்க விடமாட்டார்கள் என்று கெய்வான் நினைத்துக்கொண்டான்.

"தச்சன் மேல தப்பில்லீங்க எசமான். தூண் தலையில கோபுரம் வெக்கணும். அழகைக் கெடுக்கும்னு நான்தான் வெக்கல. அவன் கையைக் கொடுக்கலைன்னா மாடம் நேத்தே கீழ வந்திருக்கும்."

"நாளைக்கு உள்ள தொழலாமா?"

"வேணாங்க. முற்றத்துல தொழுங்க."

பாஷா கொஞ்ச நேரம் மாடத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தச்சன் வீட்டுக்குப் போனவர்களைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார். பிறகு கெய்வானிடம் சொன்னார்:

"உன்னை இங்க விட்டுட்டுப் போனா இன்னும் ஏதாவது அழகு பண்ணுவ. என்கூட வா. கிழக்கே அராஸ் ஆத்துக்குப் பாலம் போடணும். கட்டி முடிச்சதும் அதுமேல மொதல்ல நடக்கிறவன் நீதான்."

வெள்ளிக்கிழமை தூறலில் நனைந்தபடி முற்றத்தில் தொழுகை நடந்தது. கெய்வான் கடைசி வரிசையில் நின்றான். நெற்றி தரையில் பட்டிருந்தபோதும் காது மட்டும் உள்ளே மாடத்திலேயே கிடந்தது.

அன்று மாலை சமாத்யாவுக்குப் போனான். ஸ்டமாத்தி கையில் கட்டோடு சுவரில் சாய்ந்திருந்தான். இரண்டு விரல்களையும் வைத்தியர் எடுத்துவிட்டிருந்தார். அவன் மனைவி எவ்தோக்கியா கெய்வானை வா என்று கேட்கவில்லை. புதன் இரவே குதிரையில் அனுப்பிய ஆள் எதிர்னேயிலிருந்து தலைமைச் சிற்பியின் உத்தரவோடு திரும்பிவிட்டதைக் கெய்வான் சொன்னான். மரம் அடுத்த கோடை வரைக்கும் அப்படியே நிற்கும். நான்கு தோள்களிலும் கல் கோபுரம் எழும்பும். தச்சுவேலையை ஸ்டமாத்தி உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

"பாஷாகிட்ட நீ சொன்னதைக் கேள்விப்பட்டேன்."

கெய்வான் தலையாட்டினான்.

"சொல்லாம இருந்திருந்தா என்னைத் தொங்க விட்டிருப்பாங்க. அது தெரியுது. ஆனா உன்மேல இருக்கிற கோவம் எனக்கு இன்னும் போகலய்யா. இப்ப போகவும் போகாது."

"போக வேணாம்" என்றான் கெய்வான்.

எவ்தோக்கியா ஒரு கிண்ணம் பயற்றுக் கஞ்சி கொண்டுவந்து கணவன் முன்னால் வைத்தாள். வெகுநேரம் கழித்து இன்னொரு கிண்ணத்தைக் கொண்டுவந்து, கெய்வான் முகத்தைப் பார்க்காமலே அவன் முன்னாலும் வைத்துவிட்டுப் போனாள். அவன் அதை முழுவதும் குடித்தான். விடிந்ததும் படையோடு சேர அக்கரைக்குப் படகேறினான்.