இரண்டு விளக்கும் எரிந்த கார்

அந்தத் தெருவில் அவருக்குப் பேர் மீட்டர். ஊரில் மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் கரண்ட் பார்க்கிற மீட்டரை வைத்துக்கொண்டு திரிவார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். கார் ஒயரிங்கில் கில்லாடி. நின்றுபோன வண்டியை எப்படியாவது ஓட வைத்துவிடுவார். அந்த ‘எப்படியாவது’தான் மனுஷனைக் கடைசியில் பிடித்துத் தின்றது.

அன்று மத்தியானம் ஒர்க்‌ஷாப் வாசலில் மரக்கடை லாரி வந்து நின்றது. பின்னால் சங்கிலி போட்டு இழுத்து வந்தது மரக்கடை முதலாளியின் ஆட்டோமேட்டிக் கார். அதன் முன் பம்பரில் ரத்தம் காய்ந்திருந்தது. லாரியிலிருந்து இரண்டு ரம்பக்காரர்கள் ஓர் ஆளை மூட்டை மாதிரி கீழே உருட்டிவிட்டார்கள். முகம் முகமாகவே இல்லை. அது “மாமா” என்று முனகிய பிறகுதான் மீட்டருக்கு விளங்கியது. அவருடைய மனைவியின் தம்பி. மரக்கடைக் காருக்கு டிரைவர்.

“ஐயோ மாப்ள!” என்று ஓடினார். ரம்பக்காரன் ஒருவன் அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான்.

முதலாளி லாரியிலிருந்து நிதானமாக இறங்கினார். கையில் கடப்பாரை. கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

“என் தம்பி போயிட்டான். காலையில சுவரோரம் உக்காந்து பலகை எண்ணிட்டிருந்தான். உன் மச்சான் வண்டியை விட்டு நசுக்கிட்டான். கேட்டா, சாவியைத் திருப்பினேன், அதுவே பாஞ்சுடுச்சுங்கறான். கியர்ல கிடந்தா ஆட்டோமேட்டிக் வண்டி ஸ்டார்ட்டே ஆகாதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதானே?”

மீட்டர் தலையாட்டினார். வேறென்ன செய்வார்?

“நேத்துதான் என் தம்பி இவனை நாலு பேர் முன்னாடி செருப்பால அடிச்சான். இன்னைக்கு வண்டி தானா பாயுதாம். யாருக்குக் காது குத்துறான்? நீ வண்டியைப் பாரு. கோளாறு வண்டியிலன்னா இவனை விட்டுடறேன். இல்லேன்னா இவன் இங்கேருந்து உயிரோட போகமாட்டான். போலீஸ் அப்புறம் வரட்டும்.”

மச்சானை இரும்புத் தூணில் கட்டினார்கள். மீட்டர் காரின் மூக்கைச் சுவருக்கு எதிரே, பத்தடி தள்ளி நிறுத்தச் சொன்னார். பிறகு தூணருகே போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார். “கியர் எதுல இருந்துச்சு மாப்ள?”

“டி-ல விட்டுட்டேன் மாமா. முதலாளி கத்திக் கூப்பிட்டாரேன்னு எஞ்சினை மட்டும் அணைச்சுட்டு ஓடினேன். ஹேண்ட்பிரேக் போட்டேன். திரும்பி வந்து, வண்டியில ஏறாம ஜன்னல் வழியா கையை விட்டுச் சாவியைத் திருப்பிட்டேன். சத்தியமா மாமா...”

ரம்பக்காரன் அவன் வயிற்றில் ஓர் உதை விட்டான். பேச்சு அதோடு நின்றது.

ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர்பாக்ஸ் பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. லீவர் எந்த கியரில் நிற்கிறது என்று வண்டிக்குச் சொல்வது அதன் வேலை. பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும். ஓட்டுகிற கியரான டி-யில் இருந்தால் சாவியை எத்தனை திருகு திருகினாலும் வண்டி மூச்சு விடாது. டி-யில் கிடந்த வண்டி பாய்ந்தது என்றால் அந்தச் சுவிட்ச் பொய் சொல்லியிருக்க வேண்டும்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, டார்ச்சும் மீட்டருமாகக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தார். டார்ச்சை அடித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

சுவிட்சிலிருந்து வரும் இரண்டு ஒயர்களை ஒரு சிவப்பு ஒயர் துண்டு சேர்த்துக் கட்டியிருந்தது. முனைக்கு மூன்று சுற்று, மேலே பச்சை டேப். அந்தச் சுற்றும் அவருடையது, அந்த டேப்பும் அவருடையது.

மூன்று வாரம் முன்னால் கார் ஸ்டார்ட் ஆகாமல் வந்தது. சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்கிக் களிம்பு பிடித்திருந்தது. புதுசு வர நாலு நாள் ஆகும். முதலாளி இடுப்பில் கைவைத்து நின்றார். தலைக்கு மேல் வேலை கிடந்தது. சரி, இப்போதைக்கு என்று ஒயரைச் சேர்த்துக் கட்டினார். வண்டி எந்த கியரில் இருந்தாலும் பார்க்கிங்கில் இருப்பதாகவே நம்பும். அவசரத்துக்கு ஒர்க்‌ஷாப்காரர்கள் செய்கிற வேலைதான். புது சுவிட்சுக்குச் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி.

அடுத்த வாரமே மச்சான் வந்து சொன்னான்: “மாமா, டி-ல போட்டாலும் பார்க்கிங்குக்கான பி விளக்கும் சேர்ந்து எரியுது. எதுல இருக்குன்னே தெரியல.”

இந்தப் புத்திசாலி என்ன சொன்னார் தெரியுமா? “ரெண்டு லைட்டு எரிஞ்சா உனக்கென்ன மாப்ள, கரண்ட் பில்லா வருது?” என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சிரித்த வாய் இப்போது காருக்கு அடியில் உலர்ந்து கிடந்தது. இடது கையில் கட்டிங் பிளேயர். ஒரே வெட்டு. ஒயர் பைக்குள் போய்விடும், சுவிட்ச் செத்த சுவிட்சாகிவிடும், வண்டி அசையாது. யாருக்கும் ஒன்றும் தெரியாது, பழி மச்சானோடு போய்விடும். பிளேயரின் வாயை ஒயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஆமாம், கொண்டுபோனார், மறைப்பானேன்?

தூணிலிருந்து ஓர் அலறல் வந்தது. மச்சானின் விரலை ஒடித்திருந்தார்கள். பிறகு இன்னொன்று.

மீட்டர் வெளியே புரண்டு வந்தார். “விடுங்கடா அவனை! நான்தான். நான்தான் செஞ்சேன்!”

ஒயரை, சுவிட்சை, விளக்கை எல்லாம் மூச்சு வாங்கச் சொன்னார். முதலாளி கடைசிவரை கேட்டார். பிறகு காறித் துப்பினார்.

“பொண்டாட்டிக்குப் பதில் சொல்லணுமேன்னு பழியை உன் தலையில எடுத்துப் போட்டுக்கறியா? நல்ல மாமன்டா நீ. இந்த ஒயர்க் கதையெல்லாம் எனக்கு வேணாம். டி-ல போட்டுச் சாவியைத் திருப்பினா வண்டி பாயுமா, பாயாதா?”

“பாயும்.”

“அப்ப போய் அந்தச் சுவத்துல சாஞ்சு நில்லு.”

ஜாக்கியை இறக்கினார்கள். மீட்டர் நடந்து போய்ச் சுவரில் முதுகு கொடுத்து நின்றார். ஓட இடமிருந்தது, ஓடினால் மச்சான் பிணம்.

முதலாளி ஜன்னல் வழியாகக் கையை விட்டு லீவரை டி-க்கு இழுத்தார்.

“வேணாம் முதலாளி!” தூணில் கட்டிக் கிடந்தவன் தொண்டை கிழியக் கத்தினான். “நான்தான் கொன்னேன்! வேணும்னேதான் கொன்னேன்! அவரை விட்டுடுங்க, என்னை அடிச்சுக் கொல்லுங்க!”

“டேய், சும்மா இருடா!” என்று மீட்டர் சுவரிலிருந்து கத்தினார். “பொய் சொல்றான் முதலாளி, நம்பாதீங்க! திருப்புங்க!”

முதலாளி இவரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். கடப்பாரையைக் கீழே போட்டார். சாவியைத் திருப்பினார்.

ஸ்டார்ட்டர் ஓர் உறுமல் உறுமியது. ஆறிக் கிடந்த எஞ்சின் எடுத்த எடுப்பில் வெறிபிடித்துக் கத்த, கார் ஹேண்ட்பிரேக்கை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. ஜன்னலில் கை மாட்டிய முதலாளியைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனது. பம்பர் மீட்டரின் இரண்டு தொடைகளையும் சுவரோடு சேர்த்து நசுக்கியது. எலும்பு முறிந்த சத்தம் எஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்டது. அவர் பானட் மேல் கவிழ்ந்தார்.

யார் எஞ்சினை அணைத்தது என்று பிற்பாடு யாருக்கும் ஞாபகமில்லை. முதலாளி கை உரிந்து, மண்ணில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. “அவிழ்த்து விடுங்கடா” என்றார். “பாவிகளா, அவனை அவிழ்த்து விடுங்கடா.”

கட்டு அவிழ்ந்ததும் மச்சான் வாசல் பக்கம் போகவில்லை. காருக்குத்தான் ஓடினான். லீவரை நியூட்ரலில் தள்ளி, ரம்பக்காரர்களோடு சேர்ந்து தோளால் முட்டிக் காரைப் பின்னால் நகர்த்தினான். மீட்டர் சரிந்து அவன் மடியில் விழுந்தார். ரத்தம் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

“மன்னிச்சுடு மாப்ள.”

“பேசாதீங்க!” வீங்கிய உதட்டோடு அவன் சீறினான். “மூணு வாரமா அந்த வண்டியை ஓட்டினேன் மாமா. தினமும் சாயங்காலம் உங்க ரெண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துலேருந்து அதுலதான் ஏத்திட்டு வந்தேன். வண்டிக்கு முன்னாடி நின்னுதான் எனக்கு டாட்டா காட்டுவாங்க.”

மீட்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

“கண்ணைத் திறங்க! அக்காகிட்ட இதை நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும். அதுக்காகவாவது உயிரோட இருங்க” என்று திட்டிக்கொண்டே, ஒடிந்த விரல்களோடு தன் பெல்ட்டைக் கழற்றி அவர் தொடையைச் சுற்றி இறுக்கினான்.