இரண்டு படித் தவிடு

அறுபத்து நாலில் ரங்கூனை விட்டுக் கப்பலேறி வந்த குடும்பங்களில் ஒன்று, எங்கள் தேவிபட்டினத்துக் கடற்கரையில் ஒரு கீற்றுக் கொட்டகையில் ஒண்டியிருந்தது. நாகநாதனும் அவன் மனைவி பூமயிலும். பூமயிலுக்கு நிறைமாதம். மூத்த பிள்ளை கப்பலிலேயே தவறிவிட்டது.

ஐப்பசி மழையில் கொட்டகையில் ஒழுகாத இடமில்லை. அரசாங்க மருத்துவச்சி சண்முகவள்ளி பார்த்துவிட்டு வந்து என் மனைவி மெஹருன்னிசாவிடம் சொன்னாள்: “அந்த ஈரத்துல பெத்தா தாயும் தாங்காது, புள்ளையும் தாங்காது. காஞ்ச எடம் வேணும்.”

தெருப் பெண்கள் இறங்கிவிட்டார்கள். ஒரு வீட்டிலிருந்து கட்டில் வந்தது. இன்னொரு வீட்டில் பழஞ்சேலைகளை வெளுத்து மடித்தார்கள். கருவாடு அடுக்கிவைக்கும் எங்கள் கிட்டங்கியை ஒட்டிய அறையை மெஹருன்னிசா கழுவிக் கழுவிச் சாம்பிராணி போட்டாள். கருவாடு அவ்வளவு லேசில் இடத்தைக் காலி செய்யாது.

எல்லாம் தயார். ஆள்தான் வரவில்லை.

“கப்பல்லயும் முகாம்லயும் அடுத்தவுக தயவுலயே கெடந்தாச்சு” என்றாள் பூமயில். “தலப்புள்ளைய அப்படித்தான் பறிகொடுத்தேன். இனி ஒருத்தவுக வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

நாகநாதன் கெஞ்சினான். சண்முகவள்ளி அதட்டினாள். நானும் போய்ப் பேசிப் பார்த்தேன். புழுத்த சரக்கைக்கூடத் தள்ளிவிட்டிருக்கிறேன். சும்மா கொடுப்பதைத் தள்ளிவிடத் தெரியவில்லை.

மெஹருன்னிசா ஆட்டுக்கு வைத்திருந்த தவிட்டை ஓலைப்பெட்டியில் அள்ளினாள். மழையில் இறங்கி நடந்தாள். நான் குடையோடு பின்னால் ஓடினேன்.

பிள்ளை தங்காத வீட்டில், அடுத்துப் பிறப்பதை ஒரு படித் தவிட்டுக்கு வேறொருத்திக்கு விற்றுவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். விலைபோன பிள்ளையைக் கெட்ட காலம் சீந்தாது என்று கணக்கு. பிறகு பெற்றவளே வளர்ப்பாள்.

“பூமயிலு, ஒம் புள்ளைய வாங்க வந்திருக்கேன். ஒரு படி.”

“பெறக்கவே இல்லையேக்கா.”

“மீன் கடல்ல கெடக்கும்போதே வெல பேசுறவுக நாங்க.”

பூமயில் ஓலைப்பெட்டிக்குள் கையை விட்டாள். ஒரு சிட்டிகை எடுத்துக் கசக்கிப் பார்த்தாள். “உமி கெடக்கு. ரெண்டு படி குடுங்க.”

“ஒண்ணரை.”

“ரெண்டு. ரங்கூன்ல உண்டான புள்ள. சீமச் சரக்கு.”

எனக்கு அங்கேயே மூச்சு வந்தது. விலை ஏற்றுகிறவள் சாக மாட்டாள்.

“சரி, ரெண்டு. ஆனா நான் வாங்குன சரக்க நனைய விடமாட்டேன். எறக்குறது எங்க கிட்டங்கியிலதான். எந்திரி.”

“இது தயவு இல்லையே?”

“கருவாட்டுக்காரி வீட்டுல தயவைத் தேடுறா பாரு.”

பூமயில் எழுந்தாள்.

மறுநாள் உச்சிவேளை வரை அந்த அறைக் கதவு திறக்கவில்லை. முற்றத்தில் பெண்கள் வெந்நீர்ப் பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை பிறந்துவிட்டது என்றார்கள். அழுகைச் சத்தம் கேட்கவில்லை. நாகநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே சண்முகவள்ளி பாதத்தில் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு கேவல். அப்புறம் தெருமுனை வரை எட்டுகிற அழுகை.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றாள் மெஹருன்னிசா. நாகநாதன் சுவரை விட்டுவிட்டுக் கதவருகே வந்தான்.

பெண் குழந்தை. மெஹருன்னிசா துணியில் சுற்றி, தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு பூமயிலின் பக்கத்தில் கிடத்தினாள்.

“சரக்கு ஓயாம கத்துது. நீயே வச்சு வளத்துக் குடு.”

பூமயில் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “வளக்குற கூலி தனிக்கா.”