சலுகைக்கு ஒரு சாண்

அரசு ஆலைக்கு ஒரு சலுகை அறிவிக்கும்போதெல்லாம் அதன் மதிலை ஒட்டிய தெருவில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு சாண் உயரம் குறைந்தார்கள். முதல் சலுகை நிலம்; மறுநாள் தையற்கார அக்கா கொடியில் கிடந்த துணியை முக்காலி போட்டு எடுத்தாள். அடுத்து மின்சாரம், அப்புறம் தண்ணீர். ஆலையோ மளமளவென்று வளர்ந்தது. கூரையெல்லாம் புல்வெளி, பேருக்குக்கூடப் புகை கிடையாது. பசுமை ஆலையாம். தெருவுக்குள் வெயில் வருவது மட்டும் நின்றுபோயிற்று; அதை யார் கேட்டார்கள்?

அக்காவின் பிழைப்பைப் பார்த்துப் பாதித் தெருவுக்கு வயிற்றெரிச்சல். பேன்டைக் குட்டையாக்கச் சொல்லி அத்தனை பேரும் அவள் வாசலில்தானே நின்றார்கள்! அவள் கவலையோ மகனைப் பற்றி. மதில் கட்டக் கொல்லைப்புறத்தைக் கேட்டு வாங்கியபோது வீட்டுக்கு ஒரு வேலை என்று வாய் கூசாமல் சொல்லியிருந்தார்கள். பையன் வெல்டிங் படித்தவன், அப்போது வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். ஆள் எடுக்கக் கூப்பிடுவதற்குள் வருடங்கள் ஓடி, வரிச் சலுகையும் வந்துவிட்டது. கைரேகை வைக்கும் பெட்டி அவன் தலைக்கு மேலே இருந்தது. எம்பி எம்பிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

வளர்ச்சியை அளக்க வருடந்தோறும் வரும் அதிகாரியிடம் அக்கா சண்டைக்கே போனாள். அவர் ஆலையின் உயரத்தையும் தெருக்காரர்களின் உயரத்தையும் கூட்டிச் சராசரி போட்டுக் காட்டினார்.

"எல்லாரும் வளந்திருக்கீங்கம்மா. உங்க தொழிலே மூணு மடங்காயிருக்கே!"

"வளந்தவங்க எதுக்கு சார் பேன்டை வெட்டிக்கிறாங்க?"

அவருக்குக் கேட்கவில்லை. அவள் குரல் அப்போது அவர் இடுப்புக்கு மேல் ஏறவில்லை.

ஏற்றுமதிச் சலுகை வந்த மறுவாரம் ஆலையிலிருந்தே ஆள் தேடி வந்தார்கள். குழாய்க்குள் நுழைந்து கசடு சுரண்ட இயந்திரம் வாங்கினால் செலவு அதிகம். முழங்கால் உயரத்து ஆள் மலிவு. வீட்டுக்கு ஒருவரை எடுத்துக்கொண்டு, சொன்ன சொல் தவறவில்லை என்று படமும் பிடித்துக்கொண்டார்கள். மகனுக்கு இடம் கிடைத்துவிட்டது. அக்கா தையல் மெஷின் மேசைமேல் ஏறி நின்று தலையணை உறையில் அவனுக்குச் சீருடை தைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி கீழே மிதிகட்டையில் குதித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தாராளமா தையேன்டி, வளர்ற பிள்ளை!"

"குறைச்சுத்தான் வெட்டியிருக்கேன். அடுத்த மாசம் இன்னொரு சலுகையாம்" என்று சொல்லிவிட்டு அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.