அவர் எழுதித் தந்த ஊர்

காலை எட்டு மணிக்கே என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றார். இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்தே வந்த நான், அவருடைய ஒற்றை அறையில் இன்னும் பையைக்கூடத் திறக்கவில்லை.

"அவசரமா ஒரு மெஷினைப் பார்க்கணும். நாலு மணிக்கெல்லாம் வந்துடுவேன். அதுவரைக்கும் ஊரைச் சுத்திப் பாரு, கண்ணாடி."

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவள். கல்யாணமான புதிதில் அவர் வைத்த பெயர் இருபது வருடமாக அப்படியே நிற்கிறது.

"ஞாயித்துக்கெழமைகூடவா?" என்றேன்.

"மெஷினுக்கு ஏது ஞாயிறும் திங்களும்?" என்று ஒரு தாளை என் கையில் திணித்துவிட்டுப் போனார். நேற்றே எழுதி வைத்திருக்கிறார். பார்க்க: மணிக்கூண்டு. இருநூற்றுப் பன்னிரண்டு படி, மூச்சு வாங்கும், மெதுவாக ஏறவும். அடுத்து, ஆற்றில் படகு. வாங்க: செம்புக் கடைத் தெருவில் சின்னதாக ஒரு விளக்கு. பாதி விலைக்குக் கேள், இறங்கி வருவான்.

சொந்த ஊரில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபிறகு, இந்தப் பழைய நகரத்தின் அருங்காட்சியகத்தில் ஏசி மெக்கானிக் வேலை கிடைத்தது. தற்காலிகம்தான் என்று வந்தார், இரண்டு வருடம் ஓடிவிட்டது. மகளும் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும்.

ஞாயிறு மாலை ஆனால் போன் வரும். "இன்னிக்கு மணிக்கூண்டு ஏறினேன், ஊரே தீப்பெட்டி அடுக்கின மாதிரி தெரியுது" என்பார். பின்னால் ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆற்றங்கரைக் காற்று என்பார். நானும் சளைத்தவள் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவோடு தினமும் நடக்கப் போகிறேன், பாட்டு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன், நேரமே போதவில்லை என்று அளப்பேன். பாட்டு வகுப்பு எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. தூரத்தில் இருக்கிற மனுஷன் எதற்கு வருத்தப்பட வேண்டும்?

இப்போது அந்த வேலையை நிரந்தரமாக்குகிறார்களாம். திங்கட்கிழமை காலை கையெழுத்துப் போட வேண்டும். "இந்த ஊர் எனக்குப் பிடிச்சுப்போச்சு. நீ சொன்னா போட்டுடறேன்" என்று போனில் சொன்னார். நீயும் வா என்று சொல்லவில்லை. கூப்பிடாத இடத்துக்கு நானாக மூட்டை கட்டவும் கூச்சமாக இருந்தது. சரி, அவராவது சந்தோஷமாக இருக்கட்டும், நேரில் போய் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே 'போடுங்க' என்று சொல்லிவிடுவோம் என்றுதான் ரயில் ஏறினேன்.

மணிக்கூண்டின் வாசலில் கம்பிக்கதவு. அதில் துருப்பிடித்த பூட்டு. பக்கத்தில் தொப்பி விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம், மேலே ஏற எப்போது விடுவார்கள் என்று கேட்டேன்.

"ஏறலாம்க்கா, றெக்கை இருந்தா. படி விரிசல் விட்டு நாலு வருஷமா பூட்டித்தான் கெடக்கு."

"போன மாசம்கூட ஒருத்தர் ஏறினாராமே?"

"யாருக்கா அது, உங்க காதுல பூ சுத்தினது?" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். வேறு ஏதாவது கோபுரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர்கூட இல்லை. படகுகளைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஒரு குடும்பம் என் கையில் போனைக் கொடுத்து, நாலு பேரும் தெரிகிற மாதிரி எடுக்கச் சொன்னது. கடைக்குட்டி அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. எடுத்துக் கொடுத்ததும், "உங்களையும் ஒண்ணு எடுக்கட்டுமா? கூட யாரும் வரலையா?" என்று கேட்டாள் அந்தத் தாய்.

"வந்திருக்காங்க" என்றேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் யாரையோ தேடினாள்.

செம்புக் கடைத் தெருவில் ஒரு செம்புகூட இல்லை. வரிசையாகப் போன் கவர் கடைகள்.

"விளக்கா? அதெல்லாம் எங்கப்பா காலத்துல. இப்பல்லாம் கவர்தான்" என்றார் ஒரு கடைக்காரர். "மனசு கேக்கலைன்னா செம்புக் கலர்லயே ஒரு கவர் இருக்கு, தரட்டுமா?"

தெருமுனையில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். தாளை மறுபடியும் படித்தேன். ஒரு இடம் தப்பலாம். மூன்றுமா? என் கணவர் இந்த ஊரைப் பார்த்ததே இல்லை. அப்படியானால் நூறு ஞாயிற்றுக்கிழமை எங்கே போனார்? யாரோடு போனார்? கூட வா என்று அவர் சொல்லாததற்கு அந்த நிமிடம் ஒரு காரணம் கிடைத்த மாதிரி இருந்தது. எழுந்து, வழி கேட்டுக் கேட்டு அருங்காட்சியகத்தின் பின்வாசலுக்குப் போனேன்.

காவலாளி பெரிய மீசைக்காரர். இன்னாரின் மனைவி என்றதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"அடடே, வாங்கம்மா! உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். மெஷின் ரூம் ஆளுங்க எல்லார் ஞாயித்துக்கெழமை டியூட்டியையும் அவரே வாங்கிப் பார்க்கறாரு. ரெண்டு வருஷமாச்சு, ஒரு வாரம் தவறினதில்ல. அவருக்கு ஒரு சிலையே வைக்கலாம்னு அவங்க பொண்டாட்டிங்க சொல்றாங்க. இங்கதான் ஏற்கெனவே நிக்கற சிலைங்களுக்கே இடம் பத்தல."

நிலவறைக்கு இறங்கும் படியிலேயே அந்த இரைச்சல் கேட்டது. போனில் நான் கேட்ட ஆற்றங்கரைக் காற்று. கதவைத் தள்ளினேன். ஆளுயரத்துக்கு இரண்டு இயந்திரங்கள், சுவரெல்லாம் குழாய்கள், நடுவில் ஒரு ஸ்டூல். அவர் மடியில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் கிடையாது.

என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

"மணிக்கூண்டு எத்தனை படிங்க?" என்றேன்.

அவர் டப்பாவை மெல்ல மூடினார். "ரூம்ல ஒரு பழைய புக் இருந்துச்சு. ஊரைப் பத்தினது. அதைப் பார்த்துத்தான் வாராவாரம் சொல்லுவேன்."

"ஏன்?"

"லீவு நாள்ல அந்த ரூம்ல உட்கார முடியல. வெளில போனா எல்லாரும் குடும்பம் குடும்பமா சுத்தறாங்க. இங்கன்னா ஈரப்பதம் ஏறாம பார்த்துக்கணும், மேல படமெல்லாம் பூஞ்சை பூத்துப் போயிடும். ஏதோ நம்மள நம்பி சிலது இருக்குன்னு ஆவுது."

"அப்ப இந்த ஊர் பிடிச்சுப்போச்சுன்னது?"

"நீ அங்க பாட்டு, நடைன்னு நிம்மதியா இருக்க. நான் வேலையில்லாம வந்து உன் கழுத்துல உட்காரணுமா? இங்க வந்து இருன்னு கூப்பிட்டா, அதெல்லாம் விட்டுட்டு இந்த ஒத்த ரூமுக்கு நீ எதுக்கு வரணும்?"

இயந்திரம் இரைந்துகொண்டே இருந்தது.

"நான் எந்த கிளாசுக்கும் போகலைங்க" என்றேன். "அக்கா வீடு மாத்திப் போயே ஒரு வருஷமாச்சு. ரெண்டு வருஷமா நின்னுகிட்டேதான் சாப்பிடறேன். தட்டை வெச்சு உட்கார்ந்தா எதிர்ல ஒரு நாற்காலி தெரியுது."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது கைத்துண்டா, மெஷின் துடைக்கிற துணியா தெரியவில்லை, கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

"நாளைக்குக் கையெழுத்துப் போடாதீங்க" என்றேன். வரும்போது நினைத்து வந்த சொல் அது இல்லை.

"அங்க வேலை கிடைக்க ஆறு மாசம்கூட ஆகலாம்."

"ஆகட்டும். என் சம்பளம் இருக்கு. தினமும் எதிர்ல உட்கார்ந்து சண்டை போடுங்க, போதும்."

அவர் போனை எடுத்து உடன் வேலை பார்ப்பவரைக் கூப்பிட்டார். "தம்பி, எனக்கு இன்னிக்கு ஒரு அரை ஞாயித்துக்கெழமை வேணும், தர்றியா?" அந்தப் பக்கம் உரக்கச் சிரிப்பது எனக்கே கேட்டது. முக்கால் மணி நேரத்தில் அந்த ஆள் ஈரத்தலையோடு வந்து நின்றார்.

என் கணவர் என்னை மேலே அழைத்துப் போனார். இரண்டு வருடமாக இவர் காத்த படங்களை இவரே கூட்டத்தோடு நின்று பார்த்ததில்லையாம். பெரிய கூடத்தில் ஒரு ராணியின் ஓவியம். பச்சைப் பட்டு, நம்மைப் பார்க்கிற கண்கள். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். பக்கத்தில் திரும்பினால், இவர் படத்தை விட்டுவிட்டு மூலையில் சுவரில் மாட்டியிருந்த ஈரப்பத மானியை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ராணி இந்தப் பக்கம் இருக்காங்க" என்றேன்.

"அம்பத்தொண்ணு காட்டுது. அம்பதுதான் இருக்கணும்" என்றார். "கூட்டம் மூச்சு விட்டாலே ஒண்ணு ஏறிடும்."

அந்தக் கூட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்.