பைகார்ப் காட்டிக்கொடுத்தது

தங்கச்சியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தபோது எமர்ஜென்சியில் எனக்குத்தான் நர்ஸ் டியூட்டி. கூட வந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடலடி. அப்படியே மயங்கிட்டா."

"மாத்திரை ஏதாவது போட்டிருப்பாங்களா?" என்றார் டாக்டர். அக்கா இல்லையென்று தலையாட்டினாள். நானும் முந்திரிக்கொட்டை மாதிரி குறுக்கே விழுந்தேன். "எங்க வீட்ல ஒளிவுமறைவே கிடையாது டாக்டர். அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அம்மா போனபிறகு எங்களை வளர்த்தவள் அவள். நம்பாமல் என்ன செய்வேன்?

சர்க்கரை சரியாகவே இருந்தது. மானிட்டரில் இதயத்துடிப்பின் அலைகள் மட்டும் அகலமாகிக்கொண்டே போயின. பிரஷர் இறங்கியது. தங்கச்சிக்கு வலிப்பு வந்தது. அதை ஊசி போட்டு அடக்கிவிட்டு டாக்டர் மறுபடி மானிட்டரைப் பார்த்தார்.

"மனச்சோர்வு மாத்திரைய அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு. அது இதயத்தையே பிடிச்சுக்கும். பைகார்ப் எடுங்க சிஸ்டர். அந்த மாத்திரைதான்னா அலை குறுகும்."

பைகார்ப், ரத்தத்தில் அமிலத்தைக் குறைக்கிற மருந்து. நானே ஏற்றினேன். அலை குறுகினால் தங்கச்சி பிழைப்பாள், அக்கா பொய் சொன்னவளாவாள். குறுகியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெளியே போய் அக்காவைப் பிடித்தேன்.

"ஒரு வருஷமா அந்த மாத்திரைய சாப்பிடறா," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "கல்யாணப் பேச்சு நடக்குது. வெளிய தெரிஞ்சா…"

"வெளியவா? நான் யாரு உனக்கு?"

"உன் வாய் சும்மா இருக்காதே. டாக்டர்கிட்ட ஒப்பிச்சிடுவ."

ஒப்பித்திருந்தால் தங்கச்சிக்கு வலிப்பே வந்திருக்காது. கத்த வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வேற மாத்திரை ஏதாவது சேத்துப் போட்டாளா?"

"இல்லடி. சத்தியமா."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"அப்பாவுக்கு. அத்தானுக்கு." கொஞ்சம் இழுத்தாள். "உன் வீட்டுக்காரருக்கும்."

ஒரு வருஷம் என்னோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு அந்த மனுஷன் வாயே திறக்கவில்லை.

உள்ளே டாக்டர் அடுத்த பைகார்ப் ஏற்றிக்கொண்டிருந்தார். "வேற எதுவும் போட்டாங்களான்னு கேட்டீங்களா சிஸ்டர்?"

"இல்லேன்னு சத்தியம் பண்றாங்க. நம்பாதீங்க டாக்டர். எல்லாத்துக்கும் ரத்தம் எடுத்துப் பாத்துடுங்க."

"உங்க வீட்டு ஆளுங்கதானே?"

"அதனாலதான் சொல்றேன்."