கூரை விளக்கின் பச்சை

எல்டன் க்ரூகருக்குப் பச்சைப் பைத்தியம் என்று மின்னியல் துறை முழுக்கப் பேச்சு. பொய்யில்லை. சிவப்பு ஒளி உமிழும் எல்.ஈ.டி. சில்லு அவர் கல்லூரியில் கால் வைப்பதற்கு முன்பே வந்துவிட்டது. நீலத்தை ஜப்பான்காரர்கள் தட்டிக்கொண்டு போனார்கள். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் நீலத்தின் பின்னால் ஓடி, கம்பெனி வைத்து, ஏரிக்கரையில் வீடு கட்டினார்கள். எல்டன் மட்டும் பச்சையைக் கட்டிக்கொண்டு மினசோட்டாவிலேயே உட்கார்ந்துவிட்டார். சிவப்பும் நீலமும் கொடுத்த மின்சாரத்துக்கு ஒழுங்காக ஒளி தரும். நடுவில் இருக்கிற பச்சை பெரும்பங்கைச் சூடாக்கி வீணடித்துவிடும். ஏன் என்று ஒருவருக்கும் முழுசாகத் தெரியாது. அந்த ‘ஏன்’ என்பதற்கே ஒரு ஆயுசு போய்விட்டது.

போனது அவர் ஆயுசு மட்டுமில்லை. பக்கத்து அறைப் பேராசிரியை வெர்னா லிண்டின் ஆயுசும்தான். வெர்னா உலையில் வாயுக்களை விட்டு, காசளவு வட்டின் மேல் அடுக்கடுக்காகப் படிகம் வளர்ப்பார். எல்டன் அதை விளக்காக எரித்து, கொடுத்த மின்சாரத்தில் நூற்றுக்கு எவ்வளவு ஒளியாகிறது என்று அளப்பார். எண் குறைந்தால் உன் படிகம் மோசம் என்பார் எல்டன். உன் அளவு மோசம் என்பார் வெர்னா. இந்தத் தொழிலில் வளர்ப்பவரும் அளப்பவரும் மாமியார் மருமகள் மாதிரி. இருபத்தாறு வருஷம் இப்படியே சண்டை போட்டுப் பத்தொன்பது வரை வந்திருந்தார்கள்.

போன இலையுதிர் காலத்தில் முப்பத்தொன்று வந்தது. பச்சையில் அப்படியொரு எண்ணை அவர்கள் இருவரும் கனவில்கூடப் பார்த்ததில்லை. எல்டன் நடைவழியில் ஓடியதை அன்று துறையே பார்த்தது. ஏற்கெனவே தேய்ந்திருந்த இடுப்பு எலும்பு அந்த ஓட்டத்தோடு படுத்துவிட, ஜனவரியில் அவருக்கு அறுவை சிகிச்சை. வெர்னாவுக்கோ அதற்கு முன்பே கணையத்தில் புற்றுநோய். முப்பத்தொன்று தந்த அந்த வட்டுதான் அவர் கடைசியாக வளர்த்தது. கட்டுரையை இதழ் ஏற்று இணையத்தில் போட்டுவிட்டது. அச்சில் வெள்ளிக்கிழமை வருகிறது. வெர்னாவின் படத்தோடு பல்கலைக்கழகம் செய்தி வெளியிடத் தயாராக இருந்தது. வெர்னா படுத்திருந்த ஆஸ்பத்திரியில் தாதிகள்கூட அவரைப் பச்சைப் பேராசிரியர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அச்சுப் பிரதியில் சேர்க்க இன்னும் ஒரே ஒரு அளவு வேண்டும் என்று இதழ்க்காரர்கள் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலை எல்டன் ஊன்றுகோலோடு சோதனைக்கூடத்துக்கு வந்தார். அளக்கும் கோளம் உள்ளறையில் இருந்தது. தர்பூசணி அளவில், உட்புறம் வெள்ளை பூசிய உலோகக் கோளம். கணினியும் மின்சாரம் கொடுக்கும் பெட்டியும் வெளியறையில். நடுச்சுவரில் கம்பிகள் போக, கோளத்தின் வாய்க்கு நேராக ஒரு துளை.

வழக்கம் இதுதான்: முதலில் எதையும் எரிக்காமல் இருட்டை அளக்க வேண்டும். பிறகு வட்டை எரித்து அளந்து, அதிலிருந்து இருட்டைக் கழிக்க வேண்டும். கருவி நிதானத்துக்கு வரும்வரை வெளியறையில் கணினி முன்னால் அசையாமல் உட்கார்ந்து காத்திருந்தார். போன கோடையில்தான் குடிவந்த புதுக் கட்டடம் ஆயிற்றே. கூரைக் குழல்விளக்குகளுக்கு ஸ்விட்ச் கிடையாது. ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் தானே அணையும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறார்களாம். வழக்கம்போலக் கூரை விளக்கு அணைந்தது. இருட்டை அளந்தார்.

இனி எழுந்து போய்ப் பெட்டியின் குமிழைத் திருக வேண்டும். அறுத்த இடுப்பு எழ விடவில்லை. உட்கார்ந்த நாற்காலியைத் தரையோடு நத்தையாக நகர்த்தி, கையை மட்டும் நீட்டித் திருகினார். திரையில் வந்த எண் இருபத்திரண்டு.

குமிழ் சரியில்லை என்று நினைத்து மறுபடி திருகினார். இருபத்திரண்டேதான். எரிச்சலோடு ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். கூரை விளக்கு பளிச்சென்று எரிந்தது. எண் முப்பத்தொன்று ஆனது.

எல்டன் நின்றபடியே நின்றார். கம்பித் துளையைப் பார்த்தார். குழல்விளக்கின் வெள்ளைக்குள் பச்சை நிறையவே உண்டு என்பதை முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவர் அவர்தான். இருட்டை அளக்கும்போது அசையாமல் இருந்திருக்கிறார், கூரை விளக்கு அணைந்திருக்கிறது. வட்டை எரிக்க எழுந்தபோதெல்லாம் கூரை விளக்கும் எரிந்து, துளை வழியே தன் பச்சையைக் கோளத்துக்குள் கொட்டியிருக்கிறது. ஒரு தடவை தவறாமல். அதனால்தான் எண் அத்தனை நிலையாக வந்தது; அதனால்தான் அவர் நம்பினார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானை வெர்னா மேல் அல்லவா விழுந்திருக்கிறது.

துறைத் தலைவர் ப்ராட்லி கோல் நல்ல மனுஷன். கதவைச் சாத்திவிட்டு முழுவதும் கேட்டார்.

“கட்டுரையைத் திருப்பி வாங்கணும்னா எழுதின ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும், எல்டன்.”

“தெரியும்.”

“அப்போ வெர்னாகிட்ட சொல்லியாகணும்.” ப்ராட்லி மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “டாக்டர் பத்து நாளுங்கறார். பொறுங்களேன். அவங்க போனதுக்கப்புறம் உங்க கையெழுத்து ஒண்ணே போதும். யாருக்கு என்ன நஷ்டம்? அந்தம்மா சந்தோஷமா கண்ணை மூடட்டுமே.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற யோசனைதான். ஆனால் கேட்க எவ்வளவு இதமாக இருந்தது! எல்டன் சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வெளியே வந்தார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. காரில் உட்கார்ந்து என்ஜினைப் போட்டார். வண்டி சூடான பிறகும் நகர்த்தவில்லை. வெர்னாவிடம் பொய் சொல்லித் தனக்குப் பழக்கமே இல்லை என்று தோன்றியது. குறை சொல்லித்தான் பழக்கம். மறுபடி உள்ளே போய்க் கடிதத்தைத் தட்டி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

வெர்னா தலையணையில் சாய்ந்து, தொடாத ஜெல்லியை முறைத்துக்கொண்டிருந்தார். பாதியாக இளைத்துவிட்டார், நாக்கு மட்டும் இளைக்கவில்லை.

“புது இடுப்பு எப்படி?”

“பழசைவிடப் பரவால்ல.”

“மூளையையும் மாத்தச் சொல்லியிருக்கலாமே, ஒரே செலவா போயிருக்கும்.” சிரித்தார். “அந்தக் கடைசி அளவை அனுப்பிட்டியா?”

“இல்ல.”

“ஏன்? என்ன மூஞ்சி இது? யாராவது செத்துட்டாங்களா? நான் இன்னும் இங்கதானே இருக்கேன்.”

எல்டன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “முப்பத்தொண்ணு இல்ல, வெர்னா. இருபத்திரண்டு.”

“மருந்து எனக்குத்தானே குடுக்கறாங்க, நீ ஏன் உளர்றே?”

எல்டன் சொன்னார். நாற்காலி, குமிழ், கூரை விளக்கு, துளை. ஒன்றையும் விடவில்லை. பாதியிலேயே வெர்னாவுக்குப் புரிந்துவிட்டது. மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“ப்ராட்லிகிட்ட சொன்னியா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னான்?”

“பொறுக்கச் சொன்னான்.”

“நல்லவன்.”

“ஆமா.”

“நீ நல்லவன் இல்ல.”

“இல்ல.”

“பத்து நாள்டா, பாவி! பத்து நாள் உன்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலியா? ராத்திரி வலி தாங்காதபோதெல்லாம் அந்த நம்பரைத்தான் சொல்லிச் சொல்லிப் படுத்திருந்தேன். அதையும் பிடுங்கிட்டியே.”

வந்தது தப்பு என்று அந்த நிமிஷம் எல்டனுக்கு உறுதியாகத் தோன்றியது. மடித்த கடிதத்தைச் சட்டைப் பைக்குள் திணிக்கப் போனார்.

“அது என்ன? குடு இங்க.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெர்னா படித்தார். மாணவர்களின் ஆய்வேட்டைப் படிப்பது போல, விரலை வரி வரியாக ஓட்டிப் படித்தார்.

“இருபத்திரண்டு எங்க?”

“தப்பைத் திருப்பி வாங்கற கடிதாசு. அதுல புது நம்பர் போடற வழக்கம் இல்ல.”

“வழக்கத்தைத் தூக்கிக் குப்பையில போடு. இதுக்கு முன்னால நமக்கு எவ்வளவு?”

“பத்தொன்பது.”

“அப்போ மூணு ஏறியிருக்கா இல்லையா? அந்த மூணை உன் டியூப்லைட்டு குடுக்கல. என் உலை குடுத்தது. எழுது. எழுதினாத்தான் கையெழுத்து.”

எல்டன் கடிதத்தைக் கட்டில் மேஜையில், ஜெல்லிக் கிண்ணத்தை ஒதுக்கி வைத்து, கையாலேயே ஒரு வரி சேர்த்தார். வெர்னா அதையும் படித்துவிட்டுப் பேனாவை வாங்கினார். எழுத்துகள் மேலும் கீழுமாக விழுந்தன. அவர் கையைப் பிடித்து உதவப் போனார் எல்டன். வெர்னா முழங்கையால் தள்ளிவிட்டார்.

“படிகம் நல்லா வந்திருந்துச்சு, வெர்னா,” என்றார் எல்டன். இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை.

வெர்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். ஆறுதல் சொல்ல எல்டனுக்குத் தெரியாது. போர்வைக்கு மேலே அவர் பாதத்தைப் பிடித்தபடி, தாதி வந்து நேரமாயிற்று என்று சொல்லும்வரை உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் சொன்ன கெடுவுக்கும் முன்பே வெர்னா போய்விட்டார். வெள்ளிக்கிழமை இதழில் கட்டுரை இருந்திருக்க வேண்டிய பக்கத்தில் நான்கு வரி வந்தது: அளவில் வெளி ஒளி கலந்துவிட்டது, தவறு எங்களுடையது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், சரியான எண் இருபத்திரண்டு. கீழே இரண்டு பெயர்கள், வெர்னா லிண்ட் முதலில். பல்கலைக்கழகப் பட்டியலில் அவருடைய கடைசி வெளியீடு அதுதான். அதை யாரும் எந்தக் கட்டுரையிலும் மேற்கோள் காட்டியதில்லை.